குதிக்கும் நாளில் சோறு தாமதம்

தைரியசாலிகளைக் கண்டால் எனக்கு ஆகாது. பாராசூட் பயிற்சிக்கு வருகிறவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தனக்குப் பயமே கிடையாது என்று சொன்னால் அன்றைக்கே அவனை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவேன். பயம் இல்லாதவன் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான். பேச்சைக் கேட்காதவன் காலை ஒடித்துக்கொண்டு வருவான், அப்புறம் அவன் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றுவாள். ராணுவத்தில் அரை ஆயுசை விமானத்திலிருந்து குதித்தும், மற்றவர்களைக் குதிக்கவைத்தும் கழித்ததில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்.

ஆளை எடைபோட எனக்கு ஒரு வழி உண்டு. மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு யார் எப்படி இறங்குகிறார்கள் என்று பார்ப்பேன். திண்டிவனம் பஸ் நிற்பதற்கு முன்பே படியில் தொங்கி, ஓட்டத்திலேயே ஒற்றைக் காலில் குதித்து, நாலு எட்டு ஓடித் தலைமுடியைக் கோதிக்கொள்ளும் வாலிபன் எனக்கு வேண்டாம். மீன் கூடையோடு வரும் அம்மாள் இருக்கிறாரே, அவர் வேண்டும். பஸ் முழுசாக நிற்கிற வரைக்கும் அந்த அம்மாள் அசையமாட்டார். கண்டக்டர் விசிலை ஊதித் தள்ளினாலும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும், தன் நேரம் வந்த பிறகுதான் கம்பியை விடுவார். அவருக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தால் வானத்திலிருந்து கூடையோடு இறக்கிக் காட்டுவேன்.

மரக்காணம் என் ஊர் இல்லை, என் மனைவியின் ஊர். நான் ஆற்காட்டுப் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் உப்பு என்றால் மளிகைக் கடைக்கு வெளியே சாக்கில் கிடக்கும் சரக்கு, அவ்வளவுதான். இங்கே கண்ணுக்கு எட்டின தூரம் வரை அது தரையில் விளைந்து கிடந்தது. எண்பதுகளின் கடைசியில் ஓய்வு பெற்றதும், வெயிலுக்குப் பழகிய உடம்பு எங்கே இருந்தால் என்ன என்று மனைவி ஊருக்கே வந்து சேர்ந்தேன். மாமனார் ஊரில் குடியேறிய மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை உண்டோ அது எனக்கும் கிடைத்தது. டீக்கடையில் எனக்கு ஆகாச மாப்பிள்ளை என்று பெயர். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்.

சும்மா இருக்கப் பிடிக்காத நேரத்தில் வேலை தானாக வந்தது. புதுச்சேரியில் கொஞ்சம் பணமும் நிறையப் பொழுதும் உள்ள சிலர் சேர்ந்து ஒரு சாகச மன்றம் தொடங்கியிருந்தார்கள். கோடையில் கழுவெளி ஏரி வற்றி மைதானம் மாதிரி கிடக்கும். அதன் மேல் பறந்துபோய்க் குதிப்பது என்று திட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்ன விமானம் சென்னையிலிருந்து வாடகைக்கு வந்து புதுச்சேரியில் ஆட்களை ஏற்றிக்கொள்ளும். அதன் ஒரு பக்கத்துக் கதவைக் கழற்றி வைத்திருப்பார்கள். பயிற்சி கொடுக்க நான், எனக்குத் துணையாக என்னோடு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அவில்தார். அவர் கிளியனூர்க்காரர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார், அதிலும் பாதி "சார்".

புதிதாகக் குதிக்கிறவருக்கு ஆகாயத்தில் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. பாராசூட்டை விமானத்தோடு ஒரு நீள நாடா இணைத்திருக்கும். ஆள் விழும்போது அந்த நாடாவே இழுத்து அதைத் திறந்துவிடும். மாணவர் செய்யவேண்டியது இரண்டு. ஒன்று, விமானத்தை விட்டுவிடுவது. அதற்கு நான் இருக்கிறேன், தோளில் ஒரு தட்டுத் தட்டினால் போய்விடுவார். இன்னொன்று, தரையில் இறங்குவது. அதற்கு யாரும் கூட வரமுடியாது. இரண்டு காலும் ஒட்டியிருக்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், தரை பட்டதும் பாதம், கெண்டைக்கால், தொடை, முதுகு என்று பக்கவாட்டில் சாய்ந்து உருள வேண்டும். காலை அகட்டினாலோ முன்னும் பின்னும் வைத்தாலோ மொத்த எடையும் ஒரே காலில் இறங்கும். கால் தாங்காது.

இதைப் பழக்கத்தான் என் மச்சினனின் உப்பு லாரி. அவன் என் மனைவிக்குத் தம்பி, கழுவெளி ஓரத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்தான். லாரி எஞ்சின் போய் உப்பளத்துக்குப் பக்கத்து மணலில் நின்றிருந்தது. மாணவர்கள் அதன் பின்பக்கத்தில் ஏறி, காலைச் சேர்த்துக் குதித்து, மணலில் உருளுவார்கள். காலையில் உருட்டல், மாலையில் உருட்டல். நடுவில் டீ. தொடர்ந்து மூன்று தடவை பிசகில்லாமல் இறங்கிக் காட்டினால்தான் விமானத்தில் ஏற்றுவேன். யார் சிபாரிசும் செல்லாது என்று முதல் நாளே அறிவித்திருந்தேன். பின்னால் இந்த அறிவிப்பு என் கழுத்தைத்தான் பிடித்தது.

அந்தக் கோடையில் வந்தவர்களில் கோட்டக்குப்பத்து ஜவுளிக்கடைக்காரர் மகன் ஒருவன். அவன் வாப்பா துபாய்க்குப் போனபோது வாங்கிவந்த கூலிங் கிளாஸைக் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டான் என்று நினைக்கிறேன். பயம் கிடையாது என்று சொன்னவன் அவன்தான். வரிசையின் கடைசிக்கு அனுப்பினேன். லாரியிலிருந்து அழகாகத்தான் இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை விமானத்தின் வாசலில் கீழே எட்டிப் பார்த்ததும் கம்பியைப் பிடித்த கையை விடவில்லை. நான் தோளில் தட்டினேன். பிறகு சும்மா தடவிக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கு அவனுடைய கூலிங் கிளாஸ் மட்டும்தான் குதித்தது. அடுத்த வாரம் வெறும் முகத்தோடு வந்து, ரொம்பப் பயமாக இருக்கிறது சார் என்றான். அவனை முதல் ஆளாக அனுப்பினேன், பூ மாதிரி இறங்கினான். மாதாகோயில் பக்கத்திலிருந்து வந்த டீச்சர் டிரெயினிங் பெண்ணுக்கு வேறு தொல்லை. குதித்த உடனே சிலுவை போடக் கை நெற்றிக்குப் போய்விடும், கையோடு உடம்பும் திரும்பிவிடும். கர்த்தருக்குச் சொல்லவேண்டியதை விமானத்துக்குள்ளேயே சொல்லிவிட்டு வரவேண்டும் என்று அவளோடு ஒரு உடன்படிக்கை செய்துகொண்டேன். இரண்டு பேரும் அதைக் காப்பாற்றினோம்.

இந்தக் கதைகளையெல்லாம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வேன். கேட்டுச் சிரிப்பாள். அவளிடம் எனக்கு இருந்தது ஒரே ஒரு குறைதான். அதைக் கல்யாணம் ஆன புதிதிலிருந்து சலிக்காமல் சொல்லி வந்தேன். நான் குதிக்கிற நாளில் வீட்டில் சோறு நேரத்துக்கு ஆகாது.

மற்ற நாட்களில் அவள் சமையலைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். குதிக்கிற நாளில் மட்டும் என்னவோ ஆகிவிடும். ஆக்ராவில் ராணுவக் குடியிருப்பில் இருந்த காலத்திலிருந்து இதே கூத்து. விடியற்காலையில் போய், குதித்து, பாராசூட்டைச் சுருட்டிப் போட்டுவிட்டு, அகோரப் பசியோடு ஜீப்பில் வந்து இறங்குவேன். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "சோறு ஆச்சா?" என்பேன். அப்போதுதான் உள்ளே அரிசி களைகிற சத்தம் கேட்கும்.

"திரி சரியில்லங்க. எரிய மாட்டேங்குது," என்பாள்.

மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குத் திரி வாங்கி வாங்கி ஆக்ராவில் ஸ்டவ் கடைக்காரர்கள் எல்லோரும் எனக்கு சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். தடித்த திரி, மெல்லிய திரி, நாக்பூர் திரி, எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஸ்டவ்வையே மாற்றினேன். ஊர் மாறினோம், ஸ்டவ்வும் மாறியது, குதிக்கிற நாளில் திரி மட்டும் எரியாது. மரக்காணத்துக்கு வந்து கேஸுக்கு எழுதிவைத்துவிட்டுக் காத்திருந்தோம். கேஸ் வந்தாலாவது இந்தப் பிரச்சினை தீரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். குதிப்பது எப்படி இருந்தது என்று அவள் கேட்பாள். ஒன்றுமே இல்லை, பஸ்ஸில் போகிற மாதிரிதான் என்பேன். அதைக் கேட்டுக்கொண்டே சோற்றை வடிப்பாள்.

ஒரு ராத்திரி சாப்பிடும்போது வழக்கம்போல அளந்துகொண்டிருந்தேன். என் பயிற்சிக்கு வந்தால் யார் வேண்டுமானாலும் குதிக்கலாம், ஆணோ பெண்ணோ, இளசோ கிழமோ, உலக்கையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் காலைச் சேர்த்து இறங்கவைப்பேன் என்றேன். அவள் எனக்கு ரசம் ஊற்றினாள்.

"அப்ப நானும் வர்றேங்க," என்றாள்.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, காலைக் காபியோடு டாக்டர் சர்டிபிகேட்டையும் மேசையில் வைத்தாள். குதிக்கப்போவது நீயா, உன் வீட்டுக்காரரா என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டாராம். மன்றத்தில் புதிதாகக் குதிக்கிறவர்களுக்கு ஒரு வயது வரம்பு இருந்தது. அடுத்த கோடையில் அவள் அதைத் தாண்டிவிடுவாள். இந்தக் கோடையில் குதித்தால்தான் உண்டு, இல்லையென்றால் இல்லை. இத்தனை வருஷமாக என்னிடம் நகை கேட்டோ பட்டுப்புடவை கேட்டோ வந்து நின்றதுண்டா, ஒரே ஒரு தடவை குதித்துப் பார்க்கவேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றாள். உண்மைதான், அவள் எதையும் கேட்டதில்லை. கேட்காதவள் கேட்டதுதான் இதுவா என்று எனக்குக் கோபம் வந்தது.

நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். வாசலில் நிற்கிற எத்தனையோ பேரை ஒரு தட்டில் வெளியே அனுப்பியவன் நான். அவளை அந்த வாசலில் நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை. ஆனால் வெளியே சொல்ல வழியில்லை. பஸ்ஸில் போகிற மாதிரி என்று இத்தனை காலம் சொன்னது நான்தானே.

மறுநாள் லாரியடியில் வந்து நின்றாள். என்னுடைய பழைய ராணுவச் சட்டையும் காற்சட்டையும், இடுப்பில் கயிறு. தாலியை உள்ளே போட்டு ஊக்கு குத்தியிருந்தாள். ஹெல்மெட் கொண்டைக்கு மேல் உட்காராமல் கோபுரக் கலசம் மாதிரி நின்றது. கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டாள். அவில்தார் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். நான் அவளை மற்ற மாணவர்களைப் போலவே நடத்தினேன், அதாவது அவர்களைவிட மோசமாக நடத்தினேன்.

ஏறினாள், குதித்தாள், கால் பிரிந்தது. வலது கால் முன்னே, இடது கால் பின்னே. மறுபடி ஏறினாள், மறுபடி அதேதான். காலைச் சேர் என்றால் லாரியின் மேல் சேர்த்துக்கொள்வாள். காற்றில் வரும்போதும் சேர்ந்தே இருக்கும். மணலைத் தொடும் அந்தக் கடைசி நொடியில் ஒரு கால் தானாக முன்னால் போய்விடும். ஜவுளிக்கடைப் பையன் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவே ஆரம்பித்துவிட்டான். அவள் அவனையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கால் மட்டும் கேட்கவில்லை.

காரணம் எனக்கு இரண்டு நாள் கழித்து விளங்கியது. தம்பிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். உப்பு பூத்து நிற்கிற பாத்தியில், வாருகிற நேரம் தவிர வேறெப்போதும் யாரும் கால் வைக்கமாட்டார்கள். வைத்தால் சேறு கலங்கும், வெள்ளை உப்பு பழுப்பாகும், வியாபாரி மூக்கைச் சுளிப்பான். நடமாட்டமெல்லாம் பாத்திகளுக்கு நடுவே ஓடும் வரப்பின் மேல்தான். வரப்பு ஒரு பாதத்தின் அகலம். ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு கால் வைத்துத்தான் போகமுடியும். இவர்கள் நடை பழகுவதே அதில்தான். எங்கே வழுக்கினாலும், எதிலிருந்து விழுந்தாலும், உடம்பு தன்னாலே வரப்பைத் தேடிக் காலை முன்பின்னாக வைத்துவிடும். என் மனைவி மணலில் குதிக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அங்கே இல்லாத ஒரு வரப்பின் மேல்தான் குதித்துக்கொண்டிருந்தாள்.

இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. என் பயத்தை நான் வெளியே காட்டவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. குற்றம் காலில் இருக்கிறது. அதுவும் பிறவிக் குற்றம். அன்று ராத்திரி, இது உப்பளத்துக் கால், மாறாது, விதி விதிதான் என்று ரொம்ப வருத்தமான முகத்தோடு அவளிடம் சொல்லிவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது கொல்லையிலிருந்து தொப் என்று சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொரு தொப். எட்டிப் பார்த்தேன். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தேங்காய் மட்டையை இடுக்கிக்கொண்டு அடுப்பங்கரைப் படியிலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள். மட்டை விழுந்தால் கால் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். எடுத்து மறுபடி இடுக்கிக்கொள்வாள். குழம்பு கொதிக்கிற நேரத்தில் குதித்தாள், துணி துவைத்துவிட்டுக் குதித்தாள். மட்டையை இடுக்கியபடியே தத்தித் தத்திப் போய் உப்பு ஜாடியை எடுத்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று பக்தியோடு விசாரித்தார். எல்லாம் ஆகாச சாமிக்குத்தான் என்று பதில் போயிற்று. நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் லாரியிலிருந்து குதித்தாள். கால்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. இன்னொரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. மூன்றும் சுத்தம். மாணவர்கள் கைதட்டினார்கள். முழங்கால் இன்னும் கொஞ்சம் மடங்கலாம் என்று நான் ஆரம்பித்தேன்.

"மேடம் பாஸ், சார்," என்றார் அவில்தார். அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

எனக்கு மிச்சமிருந்தது ஒரே நம்பிக்கை. விமானத்தில் நான் இருப்பேன். வாசலில் காற்று சரியில்லை, மேகம் வருகிறது என்று ஏதாவது சொல்லித் திருப்பிக் கூட்டிவந்துவிடலாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னை லாரிக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"நீங்க மேல வர வேணாங்க. நீங்க இருந்தா என்னை விடமாட்டீங்க. அவில்தாரு தட்டி விடட்டும். நீங்க கீழ நில்லுங்க."

நான் தலைமைப் பயிற்சியாளன், என் இடம் விமானத்தில்தான் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பஸ் நிற்கிற வரைக்கும் அசையாத அந்த மீன் கூடை அம்மாள் எனக்கு ஞாபகம் வந்தார். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரி ஓரத்தில் எங்கள் கீற்றுக் கொட்டகையிலிருந்து ஜீப் கிளம்பியது. மாணவர்களுக்கு டீ போடவும் சோறாக்கவும் வீட்டு ஸ்டவ்வை அங்கேதான் கொண்டுபோய் வைத்திருந்தோம். அரிசி, தண்ணீர், மண்ணெண்ணெய் எல்லாம் இருந்தன. அவள் அவில்தாரோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தான் இறங்கி வருவதற்குள் உலை வைத்துவிடச் சொன்னாள். பசி தாங்கமாட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அது பெரிய வேலையா, வைத்தால் போயிற்று என்றேன். ஜீப் புதுச்சேரிப் பக்கம் போய் மறைந்தது.

நான் தரையில் நின்று பார்ப்பது புதிதல்ல. எத்தனையோ பேர் இறங்குவதைக் கீழே நின்று பார்த்துக் கத்தியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் நேரம் நகரவில்லை. ஜவுளிக்கடைப் பையன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். மோட்டார் சத்தம் கேட்டால் விமானம் என்று நினைப்பேன், அது மீன்பிடிப் படகாக இருக்கும். மடித்து அனுப்பிய பாராசூட்டை மனசுக்குள் பிரித்துப் பிரித்து மடித்தேன். நாடாவின் கொக்கியை அவில்தார் இழுத்துப் பார்த்திருப்பாரா என்று யோசித்தேன். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். டீ குடிக்கவில்லையா சார் என்று பையன் கேட்டான். குடித்தாயிற்று என்று சொல்லி, நிறைந்த டம்ளரை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

விமானம் வந்தது. ஒரு சுற்று சுற்றியது. சிறகுக்குக் கீழே சின்னதாக ஏதோ அசைந்தது. பிரிந்தது. விழுந்தது. பாராசூட் திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் மாணவர்களுக்குத் தினமும் எண்ணிக் காட்டுவேன். அன்றைக்கு எனக்கு எண்ணிக்கை வரவில்லை. ஒன்றிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

திறந்தது. மாணவர்கள் கூச்சலிட்டார்கள். எனக்கு மூச்சு வந்தது, அடுத்த நிமிஷமே போயிற்று. அந்த நேரத்துக்கெல்லாம் கடல்காற்று எழும்பி, இறங்குகிறவர்களை ஏரிப் பக்கமாகத் தள்ளவேண்டும். அன்று மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று அடங்கவே இல்லை. பாராசூட் ஏரியைத் தாண்டிக் கிழக்கே, உப்பளத்தைப் பார்த்து நகர்ந்தது. கையில் இருந்த குழாய் ஒலிபெருக்கியில் இடது பக்கத்தை இழு, இன்னும் இழு என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவள் இழுத்தாள், காற்று அதைவிட அதிகமாக இழுத்தது. அவளுக்குக் கீழே என் மச்சினனின் பாத்திகள் வரிசையாக வெள்ளை வெளேரென்று இருந்தன. மறுநாள் வாருவதற்குத் தயாராக உப்பு கட்டி நின்றது.

தேங்காய் மட்டை எனக்கு ஞாபகம் வந்தது. அது மணலுக்குப் பழகிய கால். கீழே நிஜமான பாத்தியும் நிஜமான வரப்பும் தெரிந்தால் அந்தக் கால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஒன்று முன்னே போகும், ஒன்று பின்னே போகும். அந்த வேகத்தில் கணுக்கால் முறிந்துவிடும்.

மச்சினன் வரப்பின் மேல் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவின் மேல் உயிரையே வைத்திருப்பவன். ஆனால் அவனும் உப்பளத்தில் பிறந்தவன்தானே. அவனுக்குத் தெரிந்த நல்ல யோசனையைக் கையை ஆட்டிக் கத்தினான்.

"அக்கா, வரப்புல எறங்கு. வரப்புல எறங்கு!"

என் வாழ்நாளில் எந்த மாணவருக்கும் சொல்லாத ஒன்றை நான் ஒலிபெருக்கியில் கத்தினேன்.

"பாத்திய மிதி! பாத்தி போனா போவுது, மிதி!"

அவள் இரண்டையும் கேட்டிருப்பாள். முகம் தெரிகிற உயரத்துக்கு வந்துவிட்டாள். வலது கால் லேசாக அசைந்ததைப் பார்த்தேன். அது முன்னால் போயிற்று, வரப்புக்கு நேராக நீண்டது. பிறகு, யாரோ பிடித்து இழுத்துவந்து சேர்த்த மாதிரி, இடது காலோடு வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு காலையும் சேர்த்து நடுப்பாத்தியில் இறங்கினாள். பாதம், கெண்டைக்கால், தொடை, முதுகு என்று உப்பு நீரிலும் சேற்றிலும் அழகாக உருண்டாள். என்னிடம் பயின்றவர்களில் அதைவிடச் சுத்தமாக யாரும் இறங்கியதில்லை. பாத்தி நாசமாயிற்று.

நான் வரப்பில் ஓடி, அதில் நடக்கத் தெரியாமல் வழுக்கி, நானும் பாத்திக்குள் விழுந்து, எழுந்து போய்ச் சேர்ந்தேன். அவள் உட்கார்ந்திருந்தாள். தலைமுதல் கால்வரை உப்பு. மச்சினன் கலங்கிப்போன பாத்தியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவளுடைய காலைத்தான் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. நாளைக்கு வார வேண்டிய உப்பாச்சேடா, மிதிச்சிட்டேனே என்று அவள் அவனிடம் வருத்தப்பட்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாராசூட்டைச் சுருட்டப் போனான்.

எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஒண்ணுமே இல்லீங்க. பஸ்ஸுல போற மாதிரிதான்," என்றாள்.

ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். ஷூவைக் கழற்றி உள்ளே இருந்த உப்புத் தண்ணீரைக் கவிழ்த்தாள். கவிழ்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "சோறு ஆச்சா?" என்று கேட்டாள்.

நான் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஸ்டவ் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அரிசியை நான் கையில்கூட எடுக்கவில்லை. விடியற்காலையிலிருந்து அதன் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன், உலை வைக்கவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. மேலே போனவர் முழுசாகக் கீழே வருகிற வரைக்கும் யாருக்கு அரிசி களையத் தோன்றும்? ஆக்ராவில் நான் மாற்றிய ஸ்டவ் எல்லாம் நன்றாகத்தான் எரிந்திருக்கின்றன. ஜீப் வருகிற சத்தத்துக்காகத்தான் அவள் அத்தனை நாளும் காத்திருந்தாள். நான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டு சோறு கேட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, முகமெல்லாம் உப்புத் தண்ணீராக இருந்ததால் வெளியே தெரிந்திருக்காது.

அவள் இன்னும் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"திரி சரியில்ல. எரிய மாட்டேங்குது," என்றேன்.

அவள் ஷூவைக் கீழே வைத்தாள். கை நீட்டினாள், பிடித்துத் தூக்கிவிட்டேன்.

"அந்தத் திரி எப்பவும் அப்படித்தாங்க," என்றாள். "வாங்க, ரெண்டு பேருமா வெப்போம்."